தியாகராசர் கல்லூரியில் தமிழ் கற்பித்தல்

மதுரை தெப்பக்குளம் அருகே அமைந்துள்ள தியாகராசர் கல்லூரி, ஆலை அதிபர் கருமுத்து தியாகராசச் செட்டியாரால் 1949 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஔவை சு. துரைசாமிப் பிள்ளை, சி. இலக்குவனார், அ. கி. பரந்தாமனார் முதலியோர் இங்கு தமிழ்ப் பேராசிரியர்களாகப் பணியாற்றினர்.

உரைநடைப் பயிற்சி

இலக்கியத்தைப் பொருளுணர்ந்து படிக்கும் இளங்கலை மாணவரும் பிழையின்றி எழுதத் தடுமாறுவதுண்டு. இக்குறையைப் போக்க எழுந்த நூல்களுள் பரந்தாமனாரின் 'நல்ல தமிழ் எழுத வேண்டுமா' குறிப்பிடத்தக்கது. சந்தி, நிறுத்தக்குறிகள், வாக்கிய அமைப்பு முதலியவற்றை இந்நூல் எளிய நடையில் விளக்குகின்றது.

சந்தி வெறும் அலங்காரம் அன்று. 'வேலை கொடு' என்றால் பணி தருக என்பது பொருள். 'வேலைக் கொடு' என்றால் வேல் என்னும் படைக்கருவியைத் தருக என்று பொருள்படும். பின்னதில் இரண்டாம் வேற்றுமை உருபாகிய 'ஐ' வெளிப்பட்டு நிற்பதால் வல்லினம் மிகுகின்றது. முன்னதில் அவ்வுருபு மறைந்திருப்பதால் மிகவில்லை. ஓர் ஒற்று கூடினாலோ குறைந்தாலோ பொருளே மாறிவிடும். (விண்ணப்பம் எழுதி வேல் கேட்பவர் அரிது என்பது வேறு.)

இலக்கியக் கல்வி

இலக்குவனார் தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1963 இல் வெளியிட்டவர். கல்லூரிகளில் தமிழே பயிற்றுமொழியாக வேண்டும் என வலியுறுத்திய அவர், 1965 இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையொட்டிக் கைது செய்யப்பட்டார். அப்துல் ரகுமான், மீரா, நா. காமராசன் ஆகியோர் இக்கல்லூரியில் தமிழ் பயின்றவர்கள். மரபிலக்கியத்தை முறையாகக் கற்ற இம்மூவரும் பின்னர் புதுக்கவிதையில் பெயர் பெற்றனர்.