குருதிச் சோதனையும் ஒழுக்க ஆலோசனைக் குழுவும்

உயிர்த்தொழினுட்பம் என்றவுடன் மாற்றியமைத்த விதைகளும் ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாய்களும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஊவா மாகாணத்திற்கு அஃது அத்துணைத் தொலைவிலுள்ள பொருளன்று. தலசீமியா என்னும் குருதி நோய் மிகுந்து காணப்படும் மாவட்டங்களுள் குருணாகல், அநுராதபுரம் ஆகியவற்றோடு பதுளையும் ஒன்றாகும்.

இந்நோய் பெற்றோர் வழி வருவது. குருதிக்குச் செந்நிறம் தரும் ஈமோகுளோபினை உடல் செவ்வனே ஆக்கமாட்டாமையே அதன் மூலம். கடுமையாக நோயுற்ற பிள்ளைக்கு ஏறத்தாழ மாதந்தோறும் குருதி ஏற்றவேண்டும். ஏற்றிய குருதியினால் உடலிற் சேரும் இரும்பை நீக்க வாழ்நாள் முழுதும் மருந்தும் வேண்டும். தாய்க்குக் கொழுந்து பறிக்கும் நாட்கூலி அன்றைக்கில்லை. தாய் தந்தை இருவரும் பழுதுற்ற பரம்பரை அலகைத் தாங்கிய காவிகளாயின், அவர்கள் நலமாகவே வாழ்வர். பிறக்கும் பிள்ளைக்கு நோய் வருவதற்கோ நான்கில் ஒரு வாய்ப்புண்டு. முதற்பிள்ளை நோயுற்றதனால் அடுத்த மூன்றும் தப்பும் என்று கணக்கிடுவாருளர். அது பிழை, ஒவ்வொரு பேற்றிலும் சீட்டுப் புதிதாகவே குலுக்கப்படுகிறது.

மலேரியா மலிந்திருந்த நிலங்களிற் காவிகள் அக்காய்ச்சலுக்கு ஓரளவு தப்பினர். அவர்களோடு பழுதும் தப்பியது. 2016இல் இலங்கையை மலேரியா நீங்கிய நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. காய்ச்சல் போயிற்று, பரம்பரை அலகு போகவில்லை.

காவிகளைச் சிறிது குருதி கொண்டே கண்டறியலாம். அறிந்தபின் செய்வது யாது? ஒழுக்க ஆலோசனைக் குழுவின் பணி இவ்விடத்திலே தொடங்குகிறது. 1994ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க விஞ்ஞான தொழினுட்ப அபிவிருத்திச் சட்டம், அரசுக்கு ஆலோசனை கூறும் தேசிய விஞ்ஞான தொழினுட்ப ஆணைக்குழுவுக்கு வழிவகுத்தது. புதிய மரபியல், செயற்கைக் கருத்தரிப்பு ஆகியன பற்றிய ஒழுக்க நெறிகளும் அவ்வாணைக்குழுவின் முயற்சியால் முன்மொழியப்பட்டன. இத்தகைய குழுக்கள் கட்டளையிடுவதில்லை. சட்டமியற்றுவோர் கேட்க மறக்கும் கேள்விகளை முன்கூட்டிக் கேட்பதே அவற்றின் தொழில்.

சோதனை கட்டாயமா, விருப்பமா? ஈரான் 1997இல் மணமக்களுக்கு அதனைக் கட்டாயமாக்கியது. சைப்பிரசில் திருச்சபையே மணத்திற்கு முன் சான்று கேட்டது. இரண்டிடத்தும் நோயுடன் பிறப்போர் வெகுவாகக் குறைந்தனர். ஆயினும் தோட்டத்திலே கட்டாயம் என்னும் சொல்லுக்கு வேறொரு கனமுண்டு. பிரட்டுக்களத்திற் பெயர் கூப்பிட நின்று பழகியவர், வெள்ளுடுப்பணிந்தவர் கையை நீட்டச் சொன்னால் ஏனென்று கேளாமல் நீட்டிவிடுவர். அது சம்மதமாகாது. தமிழில் விளக்கி, வாசிக்க இயலாதவருக்கு வாய்மொழியாகச் சொல்லி, மறுக்கவும் உரிமையுண்டென அறிவித்த பின் பெறுவதே சம்மதம். 1997ஆம் ஆண்டின் யுனெஸ்கோ பிரகடனம், தம் மரபுச் சோதனையின் முடிவை அறியாதிருக்கவும் ஒருவருக்கு உரிமையளிக்கிறது.

இரகசியம் இன்னும் கடினமானது. லயத்தில் ஒரு காம்பராவின் பேச்சு அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். மாமன் மகளை மணக்கும் வழக்கமுள்ள குடும்பத்தில் ஒருவர் முடிவு பல உறவினரைத் தொடும். காவி என்றறியப்பட்ட பெண்ணை நோய்க்காரி என்று ஒதுக்குவர். ஆணை அவ்வாறு ஒதுக்குதல் அரிது. இத்தகைய பழுது எதுவுமில்லாதவரை அவள் மணந்தால் பிள்ளைக்குக் கடுநோய் வாராதென்பதை எடுத்துரைப்பார் இல்லையேல், சோதனையினால் விளைவது தீங்கே.

கருவிலே கண்டறியும் முறையும் உளது. ஆனால் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கவன்றிக் கருவைக் கலைக்க இடந்தரவில்லை. ஆதலின் சுமையெல்லாம் மணத்திற்கு முந்திய சோதனையின் மேலேயே விழுகிறது.

மேல்வகுப்பு மாணவரையே சோதித்தல் நன்றென்பர் சிலர். இந்நோயைப் பாடமாகக் கற்பித்தல் வேறு. பதினாறு வயதுச் சிறுமியின் முடிவைப் பாடசாலைப் பதிவேட்டில் எழுதிவைத்தல் வேறு. முன்னதைத் தயங்காது செய்யலாம். பின்னதற்கோ, வைத்தியரும் சட்டத்தரணியும் மட்டுமன்றித் தோட்டத்துத் தாய் ஒருத்தியும் குழுவில் அமர்ந்து, முடிவுத்தாள் எவர் கைக்குச் செல்லவேண்டும், எந்த அலுமாரியிற் பூட்டப்படவேண்டும், திறவுகோல் யாரிடம் இருக்கவேண்டும் என்பது வரை பேசித் தீர்த்தல் வேண்டும்.