சுவிட்சைப் போட்டால் எலெக்ட்ரான் எவ்வளவு தூரம் போகும்?

மதுரை வண்டியூரில் ஒரு வீட்டில் சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறது. மின் நிலையத்தில் புறப்பட்ட எலெக்ட்ரான்கள் கம்பி வழியே ஓடிவந்து விளக்கை எரிப்பதாகப் பலரும் எண்ணுகிறோம். அவை அப்படி வருவதே இல்லை.

1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் நேர்மின்னோட்டம் செல்லும்போது, எலெக்ட்ரான்கள் நொடிக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர்தான் நகர்கின்றன. ஒரு மணி நேரத்தில் ஒரு சாணுக்குச் சற்று அதிகம். வீட்டுக்கு வருவதோ மாறுதிசை மின்னோட்டம். நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அசைவது. அதே கம்பியில் அந்த அசைவு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

பிறகு விளக்கு எப்படி உடனே எரிகிறது? தைத் தெப்பத் திருவிழாவின்போது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக் கரையில் நின்று தெப்பத்தை வடம் பிடித்து இழுப்பார்கள். வடம் மெல்லத்தான் நகரும். ஆனால் இங்கே இழுத்த இழுப்பு மறுமுனையில் உள்ள தெப்பத்தை உடனே எட்டிவிடும். கம்பி முழுவதும் ஏற்கெனவே எலெக்ட்ரான்கள் நிறைந்திருக்கின்றன. அவற்றைத் தள்ளும் மின்புலம் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் பரவுகிறது. நம்மிடம் வந்து சேர்வது அந்தப் புலம் கொண்டுவரும் ஆற்றல்தான்.

கம்பியில் நகரும் எலெக்ட்ரான்களுக்குத் தடையும் உண்டு. இந்த மின்தடை எப்படி உண்டாகிறது? 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டறிந்தார். 1900இல் பால் ட்ரூட், எலெக்ட்ரான்கள் உலோகத்தின் அணுக்களில் மோதுவதால் மின்தடை உண்டாகிறது என்றார். 1928இல் ஃபெலிக்ஸ் பிளாக் அதைத் திருத்தினார்: எலெக்ட்ரான் அலைபோல நடந்துகொள்கிறது, அணுக்கள் ஒழுங்கான வரிசையில் இருந்தால் தடையின்றிக் கடந்துவிடும். ஒழுங்கு குலையும்போதுதான் தடை பிறக்கிறது. வெப்பம் அணுக்களை அதிரவைத்து வரிசையைக் கலைக்கிறது. அதனால் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் செம்பின் மின்தடை ஏறக்குறைய 4 விழுக்காடு கூடுகிறது.

உலோகம் உருகிவிட்டால்? வரிசையே குலைந்துபோகும். அப்போதைய மின்தடையைக் கணக்கிட வழி காட்டியவர்களில் ஒருவர் மதுரையில் படித்த தமிழர். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்ற கே. எஸ். கிருஷ்ணன் அவர். அலகாபாத்தில் பேராசிரியராக இருந்தபோது, ஏ. பி. பாட்டியாவுடன் சேர்ந்து 1945இல் இதை வெளியிட்டார். உருகிய உலோகத்தில் எக்ஸ் கதிர் சிதறும் விதம், அதன் அணுக்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்பதைக் காட்டும். எலெக்ட்ரான் அலையும் அதே அமைப்பில்தான் சிதறுகிறது. ஆகவே எக்ஸ் கதிர் அளவீடுகளைக் கொண்டே மின்தடையைக் கணக்கிடலாம் என்று இருவரும் காட்டினர். 1961இல் ஜான் சைமன் இத்துறையில் முழுமையான கோட்பாட்டை அமைத்தார்.

ராமன் விளைவில் சி. வி. ராமனுடன் உழைத்தவர் என்றே கிருஷ்ணனை நினைவுகூர்கிறோம். மின்தடைப் பாடம் நடத்தும்போதும் அவர் பெயரை நம் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். தாம்சன், ட்ரூட் பெயர்களோடு பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் பெயரையும் கேட்கும் பிள்ளைக்கு, இயற்பியல் தன்னாலும் செய்யக்கூடிய வேலை என்று தோன்றும்.