பாட்டிக்கும் பேத்திக்கும் ஒரே மாத்திரை

குருவிகுளம் வட்டாரத்துப் பாட்டிகளுக்கு மெட்ஃபார்மின் புது மாத்திரை இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரை நோயாளிகளின் வீட்டு வாசலுக்கே வந்து சேர்கிற மாத்திரை அது. ஆனால் மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று டாக்டரிடம் போன பேத்தியின் சீட்டிலும் அதே பெயர் இருந்தால் வீடு கலங்கிப்போகிறது. "இந்த வயசுலயே சுகரா?" என்ற கேள்விக்குப் பின்னால், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற கவலையும் இருக்கும்.

பேத்திக்கு சுகர் இல்லை. ஊரில் 'நீர்க்கட்டி' என்று சொல்கிற பிசிஓஎஸ். குழந்தை பெறும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இது இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இவர்களில் பலருக்கு உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது; அந்தக் கூடுதல் இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைப் பெருக்குகிறது. முட்டை முதிர்ந்து வெளியேறுவது தடைபட, மாதவிலக்கு தள்ளிப்போகிறது. இந்த இன்சுலின் கோளாறைத்தான் மெட்ஃபார்மின் சரிசெய்யப் பார்க்கிறது.

தொல்லை முதல் சில வாரங்களில்தான். குமட்டல், வயிற்றுப் பொருமல், பேதி, வாயில் இரும்பைச் சப்பியது போன்ற ருசி. இந்த வட்டாரத்துப் பெண்கள் பலர் காலையிலேயே தீப்பெட்டி ஆபீஸ் வேனில் ஏறிப் போகிறவர்கள். நடுவழியில் வயிறு கலக்கினால் வண்டியை நிறுத்தச் சொல்ல யாருக்கு வாய் வரும்? நாலைந்து நாள் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த முறை டாக்டர் கேட்டால், திட்டுவாரோ என்ற பயத்தில் "போடுறேன்" என்றுதான் பதில் வரும். அதை நம்பி, மருந்து கேட்கவில்லை போலும் என்று டாக்டர் அளவைக் கூட்டி எழுதினால், பிழை யார் மேல்?

இத்தனைக்கும் வழி எளிது. 500 மில்லிகிராமில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை படிப்படியாகக் கூட்டுவதுதான் முறை. 2023-இல் வெளியான சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டி நெறிமுறையும் இதையே சொல்கிறது. வெறும் வயிற்றில் போடக் கூடாது. காலை ஓட்டத்தில் டீயோடு கிளம்புகிறவர்கள், இரவுச் சாப்பாட்டோடு போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரை பலருடைய வயிற்றுக்கு ஒத்துப்போகிறது. அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது. சில கம்பெனி மாத்திரைகளின் மேல்கூடு மட்டும் கரையாமல் மலத்தில் வரும். அதைப் பார்த்து மருந்து உடம்பில் சேரவில்லை என்று பயப்பட வேண்டாம். உள்ளே இருந்தது சேர்ந்திருக்கும்.

சத்தமில்லாமல் வரும் தொல்லை வேறொன்று. வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அசைவம் தொடாதவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அசதி, நாக்குப் புண், பாதம் மரத்துப்போவது எல்லாம் இதன் அறிகுறிகள். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்ததால் கால் மரத்துவிட்டது என்று நினைத்து விட்டுவிடுவது சுலபம். ஒரு ரத்தப் பரிசோதனை விடை சொல்லிவிடும்.

இன்னொரு வகை ஹார்மோன் மாத்திரை. அட்டையில் 'கருத்தடை' என்று படித்ததும், கல்யாணமாகாத மகளுக்கு இது எதற்கு என்று அம்மாக்கள் அதிர்ந்துபோகிறார்கள். மாதவிலக்கு மாதக்கணக்கில் வராவிட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும். அதை ஒழுங்காக வெளியேற்றவும், ஆண் ஹார்மோனைக் குறைக்கவும்தான் இது. முதல் மூன்று மாதம் தலைவலி, மார்பகங்களில் வலி, இடையிடையே லேசான ரத்தக்கசிவு இருக்கலாம். பெரும்பாலும் தானே அடங்கும்.

அடங்காததும் ஒன்று உண்டு. ஐரோப்பிய மருந்து முகமையின் கணக்குப்படி, மாத்திரை எடுக்காத 10,000 பெண்களில் ஆண்டுக்கு 2 பேருக்கு ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் கலந்த மாத்திரை எடுப்பவர்களில் 5 முதல் 7 பேருக்கு. சைப்ரோடிரோன் கலந்தவற்றில் ஆபத்து இன்னும் கூடுதல். முகப்பருவுக்காக விற்ற அந்த வகை மாத்திரை ஒன்றை 2013-இல் பிரான்ஸ் நிறுத்திவைத்து, பிறகு கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணில் பூச்சி பறந்து பின் ஒற்றைத் தலைவலி வருகிறவர்களும், பிரஷர் உள்ளவர்களும் இதைத் தொடங்குமுன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

முக ரோமத்துக்குத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. வயிற்றில் வளரும் ஆண் சிசுவையும் பாதிக்கலாம். கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது.

பக்கவிளைவு பயம் ஒரு நாட்டையே தடம் மாற்றிய கதையும் நம்மிடம் இருக்கிறது. லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்கு வந்த மருந்து. முட்டை வெளியேற்றத்தையும் தூண்டும். அதை எடுத்தால் பிறக்கும் குழந்தைக்கு ஊனம் வரும் என்று 2005-இல் ஒரு மாநாட்டு அறிக்கை கிளப்பிய அச்சத்தை, மறு ஆண்டே 911 பச்சிளம் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு மறுத்தது. ஆனாலும் 2011 அக்டோபரில் இந்திய அரசு குழந்தையின்மை சிகிச்சையில் அதைத் தடைசெய்தது. 2014-இல் பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள். பழைய மருந்தான குளோமிஃபீனில் 19.1 சதவீதம். 2017-இல்தான் இங்கே தடை விலகியது. இடைப்பட்ட ஆண்டுகளில் குளோமிஃபீனோடு காத்திருந்த தம்பதிகளுக்கு அந்தத் தாமதத்தை யாரும் ஈடுகட்டவில்லை.

மருந்தின் தொல்லைகளைப் பதிவுசெய்ய நம் நாட்டில் ஏற்பாடு இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024. நோயாளியே நிரப்பும் படிவம் தமிழிலும் உண்டு. மாத்திரையின் பெயர், தொடங்கிய நாள், என்ன தொல்லை, எப்போது வந்தது என்று எழுதினால் போதும். அந்த மருந்தால்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை.