லாரியை நிறுத்திச் சோதிப்பது ஏன்?

களம்பூரின் அரிசி ஆலைகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆரணியின் பட்டு எவ்வளவு பெயர் பெற்றதோ, அவ்வளவு பெயர் பெற்றது களம்பூர் அரிசி. மாலை வேளையில் ஆலைகளிலிருந்து சிப்பங்களை ஏற்றிக்கொண்டு லாரிகள் ஒவ்வொன்றாகப் புறப்படும். பள்ளி விட்டுச் சைக்கிளில் திரும்பும் மாணவர்களும் அதே சாலையில்தான் வருகிறார்கள்.

ஒரு நாள் மாலை அந்தச் சாலையோரத் தேநீர்க் கடையில் நின்றிருந்தேன். காவலர்கள் இருவரும் மோட்டார் வாகன ஆய்வாளர் ஒருவரும் ஓர் அரிசி லாரியை நிறுத்தினர். ஆர்.சி. புத்தகம், எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று, ஓட்டுநர் உரிமம் எல்லாம் சரியாக இருந்தன. எடைமேடைச் சீட்டுதான் சரியாக இல்லை. அனுமதிக்கப்பட்டதைவிட 6 டன் கூடுதல்.

"அரிசிதானே சார், வெடிமருந்தா ஏத்திக்கிட்டுப் போறேன்? பிரேக்கைப் பிடிச்சா வண்டி நிக்குது. நீங்களே ஓட்டிப் பாருங்க" என்றார் ஓட்டுநர். ஐம்பது வயது இருக்கும். கண்கள் சிவந்திருந்தன.

என் பக்கத்தில் நின்ற என்னுடைய மாணவன் மெல்லக் கேட்டான்: "சார், அவர் சொல்றது சரிதானே? கனமான வண்டியும் லேசான வண்டியும் ஒரே தூரத்துலதான் நிக்கும்னு நீங்கதானே வகுப்புல நிரூபிச்சீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சொன்னது உண்மை. கரும்பலகையில் நான் எழுதிய சமன்பாடு ஓட்டுநரின் பக்கம்தான் பேசியது! பிழை எங்கே?

கரும்பலகையும் சாலையும்

முதலில் அந்தச் சமன்பாட்டைப் பார்ப்போம். சக்கரங்கள் சுழலாமல் இறுகி, சாலையில் தேய்ந்துகொண்டு வண்டி நிற்பதாகக் கொள்வோம். அதை நிறுத்தும் விசை, டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு விசை. வண்டியின் எடை கூடினால் உராய்வு விசையும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே எதிர்முடுக்கத்தைக் கணக்கிடும்போது நிறை இருபுறமும் அடிபட்டுப் போகிறது. நிற்கும் தூரம் வேகத்தையும் உராய்வுக் கெழுவையும் மட்டுமே பொறுத்தது. இதுதான் வகுப்பில் நான் நிரூபித்தது. கணக்கில் தவறில்லை.

ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. "சக்கரத்தை இறுக்கும் அளவுக்கு பிரேக்குக்குப் பலம் உண்டு" என்பதே அது. பிரேக் டிரம்மும் பிரேக் ஷூவும் தரக்கூடிய விசைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அது வண்டியைச் செய்தபோதே தீர்மானிக்கப்பட்டது. நாம் ஏற்றும் மூட்டைகளுக்காக அது வளர்ந்து கொடுக்காது.

இப்போது கணக்கைத் திரும்பப் போடுவோம். இரண்டு அச்சுகள் கொண்ட, முன்னால் இரண்டும் பின்னால் நான்குமாக ஆறு டயர் லாரி ஒன்றின் மொத்த எடை, 2018 ஆம் ஆண்டில் மத்திய அரசு திருத்திய விதிப்படி 18.5 டன் வரை இருக்கலாம். அந்த எடையில் நம் லாரியின் பிரேக்குகள் நொடிக்கு நொடி 5 மீட்டர் எதிர்முடுக்கம் தருவதாகக் கொள்வோம். அதற்குத் தேவையான விசை 92,500 நியூட்டன். இதுவே பிரேக்கின் உச்ச வரம்பு என்க. 6 டன் கூடுதலாக ஏற்றினால் மொத்த எடை 24.5 டன். விசை அதே 92,500 நியூட்டன்தான். எனவே எதிர்முடுக்கம் 3.8 அளவுக்குக் குறைந்துவிடும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் லாரி, முதல் நிலையில் பிரேக் பிடித்தபின் சுமார் 28 மீட்டரில் நிற்கும். இரண்டாம் நிலையில் அதற்கு 37 மீட்டர் வேண்டும். கூடுதலான 9 மீட்டர் என்பது இரண்டு கார்களின் நீளம். 25 கிலோ சிப்பங்களாக எண்ணினால் 240 சிப்பங்கள் அதிகம் ஏற்றியதற்குச் சாலை கேட்கும் விலை அது. அந்த 9 மீட்டருக்குள் சைக்கிள் ஒன்று இருந்தால்?

வெப்பம் எங்கே போகிறது?

இது சமதளத்தில் ஒரே ஒரு முறை பிரேக் பிடிப்பதைப் பற்றிய கணக்கு. மலைப்பாதையில் நிலைமை இன்னும் மோசம்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே, 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. வடக்கேயிருந்து வரும் லாரிகள் இங்கே தொடர்ந்து இறங்க வேண்டும். 2020 டிசம்பர் 12 அன்று கட்டுப்பாட்டை இழந்த ஒரு லாரி, முன்னால் நின்ற பல கார்களின்மீது மோதியதில் 4 பேர் இறந்தனர். 2024 ஜனவரி 24 அன்று அதே கணவாயில் லாரிகளும் கார்களும் மோதி மீண்டும் 4 உயிர்கள் பறிபோயின. இறக்கத்தில் லாரி என்ன பாடுபடுகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போமா?

18.5 டன் லாரி, செங்குத்து உயரத்தில் 100 மீட்டர் இறங்குவதாகக் கொள்வோம். வேகம் மாறவில்லை. அது இழக்கும் நிலை ஆற்றல், நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலன்: 18,500 × 10 × 100. அதாவது 1 கோடியே 85 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 63 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் இது! வேகம் கூடக்கூடாது என்றால் இந்த ஆற்றல் முழுவதும் எங்கேயாவது வெப்பமாக மாறியாக வேண்டும்.

பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அது பிரேக் டிரம்களுக்குத்தான் போகும். டிரம் ஒன்று 50 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்தால் நான்கும் சேர்ந்து 200 கிலோ. வார்ப்பிரும்பின் தன்வெப்பம் கிலோவுக்கு ஏறக்குறைய 500 ஜூல். காற்றுக்குப் போகும் வெப்பத்தை விட்டுவிட்டால், வெப்பநிலை 185 டிகிரி உயரும். 24.5 டன் லாரியானால் 245 டிகிரி. இன்னும் 50 மீட்டர் இறங்கினால், முதல் லாரியின் டிரம் 300 டிகிரியையும், இரண்டாவது லாரியின் டிரம் 400 டிகிரியையும் தொட்டுவிடும். காற்று கொஞ்சம் வெப்பத்தை எடுத்துச் செல்லும் என்பது உண்மை. ஆனாலும் இரண்டு லாரிகளுக்கும் உள்ள வேறுபாடு மாறாது.

இந்த அளவு சூட்டில் இரண்டு தீங்குகள் நேர்கின்றன. ஒன்று, ஷூவில் ஒட்டியுள்ள லைனிங்கின் உராய்வுத் திறன் விழுந்துவிடுகிறது. மற்றொன்று, டிரம் விரிவடைகிறது. 400 மி.மீ. விட்டமுள்ள டிரம் 300 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் சுமார் 1.3 மி.மீ. கூடும். ஷூ அந்த அதிகத் தூரம் நகர்ந்துதான் டிரம்மைத் தொட வேண்டும். லைனிங் ஏற்கெனவே தேய்ந்திருந்தால், காற்றழுத்தத்தால் தள்ளப்படும் தண்டு தன் எல்லைவரை வந்தும் போதிய அழுத்தம் கிடைக்காது. ஓட்டுநர் மிதிப்பார், வண்டி நிற்காது.

"அப்படியானால் மலையிலிருந்து எந்த லாரியும் பத்திரமாக இறங்க முடியாதே!" என்று கேட்பீர்கள். முடியும். கியரைக் குறைத்து இறங்கினால், சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்ற வேண்டியிருக்கும். காற்றை அழுத்துவதிலும் உள் உராய்விலும் பெரும்பங்கு ஆற்றல் இன்ஜினிலேயே செலவாகிவிடும். பிரேக்குக்கு வேலை குறைவு. ஆனால் டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சிலர் நியூட்ரலில் இறங்குகிறார்கள். கியரில் இறங்கும்போது முடுக்கியிலிருந்து காலை எடுத்தாலே இன்றைய டீசல் இன்ஜின்களில் எரிபொருள் நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ இன்ஜின் அணையாமலிருக்கக் கொஞ்சம் டீசல் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே செங்குத்தான இறக்கத்தில் மிச்சம் எதுவும் இல்லை. இன்ஜினையே அணைத்துவிட்டால் இன்னும் ஆபத்து. பிரேக்குக்குக் காற்றை நிரப்பும் கம்ப்ரஸரும் நின்றுவிடும்.

சோதனையில் எதைப் பார்க்கிறார்கள்?

எடையை அறிய எடைமேடை. அதன் அடியில் உள்ள எஃகுத் துண்டுகள் பாரத்தால் மிகச் சிறிதளவு நசுங்கும். அவற்றில் ஒட்டியுள்ள மெல்லிய கம்பிகளின் மின்தடை அதனால் மாறும். அந்த மாற்றமே டன் கணக்காகத் திரையில் தெரிகிறது. 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதோடு கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். கூடுதல் பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும்.

டயரில் பள்ளங்களின் ஆழம் குறைந்தது 1.6 மி.மீ. இருக்க வேண்டும். மழையில் சாலையிலுள்ள நீர் இந்தப் பள்ளங்கள் வழியாகத்தான் வெளியேறுகிறது. பள்ளம் இல்லையேல் டயர் நீரின்மேல் மிதக்கும். ஓட்டுநர்கள் பின்பக்க ஜோடி டயர்களைக் கட்டையால் தட்டிப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். காற்று நிறைந்த டயர் கட்டையைத் துள்ளவைத்து 'டங்' என ஒலிக்கும். காற்றிறங்கியது 'தொப்' என மந்தமாக ஒலிக்கும். ஒலியியல் பாடம்தான் இது!

மூன்றாவதாக ஓட்டுநர். மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு சுமார் 17 மீட்டர். ஆபத்தைக் கண்டு காலை அழுத்தவும், குழாய்களில் காற்றழுத்தம் பரவவும் ஒன்றரை நொடி ஆகிறது என்றால், பிரேக் பிடிக்கும் முன்பே வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். தூக்கக் கலக்கத்தில் மூன்று நொடி கண் மூடினால் 50 மீட்டர். மது இதைவிடக் கொடியது. 100 மி.லி. இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் ஓட்டுவது குற்றம். ஊதிப் பார்க்கும் கருவிக்குள் ஆல்கஹால் ஆக்சிஜனேற்றம் அடைந்து சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. 2,100 மி.லி. மூச்சுக்காற்றில் உள்ள ஆல்கஹாலும் 1 மி.லி. இரத்தத்தில் உள்ளதும் சமம் என்ற அடிப்படையில் அது அளவைக் காட்டுகிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் மெக்சிகோவிலும் 1988 முதல் ஆண்டுதோறும் மூன்று நாட்கள் ஒன்றுசேர்ந்து லாரிகளைச் சோதிக்கிறார்கள். முழுச் சோதனையில் 37 படிகள் உண்டு. பிரேக் தண்டு எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்பதைக்கூட அளவுகோல் வைத்துப் பார்க்கிறார்கள். ஏன் என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

யார் கையில் இருக்கிறது?

களம்பூருக்கு வருவோம். ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்தேன். "டன்னுக்கு இவ்வளவுன்னு வாடகை, சார். ஏத்தச் சொல்றது வேற ஆளு. மாட்டேன்னா அடுத்த லாரிக்காரன் ஏத்திக்குவான். முந்தாநாள் கிளம்புனேன், ஒழுங்காத் தூங்கலை" என்றார்.

2025 வரை நடைமுறையில் இருந்த, 1961 ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலைக்கு வரம்பு வைத்திருந்தது. தொடர்ந்து 5 மணி நேரம் உழைத்தபின் அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் அது சொன்னது. எடைமேடை பாரத்தைக் காட்டிவிடும். தூக்கத்தை அளக்கும் மேடை எந்தச் சாலையோரத்திலும் இல்லை. அதனால் அதிகாரிகள் பிரேக்கையும் டயரையும் பார்ப்பதோடு, வேலை நேரத்தையும் வாடகை முறையையும் நாம் எல்லோரும் சேர்ந்து பார்த்தாக வேண்டும். தவறு முழுவதையும் ஓட்டுநர் தலையில் கட்டிவிடுவது நியாயமாகாது.

கூடுதல் சிப்பங்களை வேறொரு லாரிக்கு மாற்ற இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஓட்டுநர் இருக்கையிலேயே சாய்ந்து உறங்கினார். என் மாணவனுக்கு ஒரு தாளில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். "அப்ப வகுப்புல சொன்னது தப்பா சார்?" என்றான். "தப்பில்லை தம்பி. எங்கே வரைக்கும் செல்லும்னு சொல்லாம விட்டதுதான் தப்பு" என்றேன். அதற்கடுத்த வகுப்பில் அந்தச் சமன்பாட்டின் அருகே அனுமானத்தையும் எழுதிப் போட்டேன்.

நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பின்சக்கரத்தைப் பெடலால் வேகமாகச் சுற்றி, பிரேக்கை இலேசாக அழுத்தியபடி ஒரு நிமிடம் மிதியுங்கள். சக்கரம் முழுவதும் நின்றபின் பிரேக் கட்டையைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் காலின் வலிமைக்கே அந்தச் சூடு. சாலையில் லாரிக்குப் பின்னாலோ முன்னாலோ நெருங்கிச் செல்லும்போது அந்தச் சூட்டையும், மேலே நாம் கண்ட 9 மீட்டரையும் நினைவில் வையுங்கள்.