மர்ம நாவல்களுக்கும் ஒரு பேரேடு!

திருவனந்தபுரம், ஸ்ரீவராகம். வராக மூர்த்தி கோயில் குளத்துக்குச் சற்றுத் தள்ளி உள்ள ஒரு வீட்டின் திண்ணையில் தினமும் மாலை நாலு மணிக்கு ஒரு கொலை நடக்கிறது!

போலீசார் வருவதில்லை. அக்கம்பக்கத்தாரும் பதறுவதில்லை. காரணம், கொலை நடப்பது புத்தகத்தில்.

அந்த வீட்டுப் பெரியவர், சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். கன்னியாகுமரி மாவட்டம் 1956-ல் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன், நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ராஜ்யத்தில் இருந்த காலத்திலேயே அவருடைய தகப்பனார் இங்கே பிழைக்க வந்துவிட்டார்.

"பெயரைப் போட்டுவிடாதீர்கள். இத்தனை வயதில் கொலைக் கதையா என்று கடைத்தெருவில் கேலி செய்வார்கள்" என்கிறார் பெரியவர். ஆனால் அவர் செய்துவரும் காரியம் கேலிக்குரியது அல்ல.

பேரேடு

கடையில் வீணாகக் கிடந்த ஒரு பழைய பேரேட்டை, ஓய்வு பெற்ற அன்று முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தார். அதில் தமிழில் வந்த பிரபல மர்ம நாவல்கள், துப்பறியும் நாவல்கள் நூறைக் காலவரிசைப்படி எழுதினார். ஒன்றையும் தாண்டாமல் படித்து முடிப்பது என்று வைராக்கியம்.

பேரேட்டில் ஏழு கட்டங்கள். எண், நாவல், ஆசிரியர், துப்பறிபவர், புத்தகம் கிடைத்த இடம், படித்து முடித்த தேதி. ஏழாவது கட்டத்துக்குத் தலைப்பு, "என் சந்தேகம்". பாதிக் கதையில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, குற்றவாளி யார் என்று பென்சிலால் எழுதுவார். முடிவைப் படித்த பிறகு சரியா, தவறா என்று சிவப்பு மையில் குறிப்பார்.

"தவறுதான் அதிகம். நாற்பது வருஷம் ஐந்தொகையில் பிசகு கண்டுபிடித்தவன். கதையில் மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று சிரிக்கிறார்.

தானவன் முதல்

பட்டியலின் முதல் வரியில் இருப்பது, பண்டித நடேச சாஸ்திரி 1894-ல் வெளியிட்ட 'தானவன்'. நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டிய அதே சாஸ்திரிதான், ஒரு போலீஸ்காரர் குற்றங்களைக் கண்டுபிடிக்கும் கதையையும் எழுதினார்.

அடுத்து வருகிறவர் ஜே.ஆர்.ரங்கராஜு. அவருடைய 'இராஜாம்பாள்' 1908-ல் வெளிவந்தது. துப்பறியும் கோவிந்தன் என்ற பாத்திரம் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர். 1951-ல் வந்த 'ராஜாம்பாள்' படத்தில்தான் ஆர்.எஸ்.மனோகர் திரையுலகில் அறிமுகமானார்.

ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தமிழ் ஊர்களுக்கும் தமிழ்ப் பெயர்களுக்கும் மாற்றித் தந்தவர். லண்டனில் துப்பறிந்த ஷெர்லக் ஹோம்ஸ், அவர் கையில் ஆனந்தசிங் ஆனார்.

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'கும்பகோணம் வக்கீல்' நாவலில் வரும் திகம்பர சாமியாரைப் படமாகப் பார்த்தவர்கள் பலர். 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த அந்தப் படத்தில் எம்.என்.நம்பியார் 11 வேடங்களில் தோன்றினார். ஐயங்காரின் 'மேனகா'வும் 1935-ல் படமாயிற்று.

இந்தப் புத்தகங்களுக்கு அந்த நாளில் நல்ல பெயர் இல்லை. பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். நாவல் படித்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பெரியவர்கள் திட்டினார்கள். திட்டிய கையோடு, பிள்ளைகள் தூங்கிய பிறகு அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர்களும் படித்தார்கள்!

குமாஸ்தா துப்பறிகிறார்

பெரியவருக்கு மிகவும் பிடித்தவர் துப்பறியும் சாம்பு. ஆனந்த விகடனில் தேவன் எழுதிய சாம்பு, ஆரம்பத்தில் ஒரு பாங்கி குமாஸ்தா. மேலதிகாரியிடம் திட்டு வாங்கியே காலம் கழித்தவர். அசட்டுத்தனமாக ஏதோ செய்யப் போக, குற்றவாளி அகப்பட்டுக்கொள்வான். ஊர் அவரை மேதை என்று கொண்டாடும். பேரேட்டில் சாம்புவுக்கு நேரே 'என் சந்தேகம்' கட்டத்தில், "சாம்புவுக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்?" என்று எழுதியிருக்கிறார் பெரியவர்.

பிறகு 'கல்கண்டு' ஆசிரியர் தமிழ்வாணன். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் இவருடைய அடையாளம். இவர் படைத்த சங்கர்லால் வெளிநாடுகளுக்கெல்லாம் போய்த் துப்பறிந்தார். 'டோக்கியோ ரோஜா' படித்துவிட்டு உலகப் படத்தில் ஜப்பானைத் தேடிய பையன்கள் எத்தனையோ பேர். சங்கர்லாலுக்கு மூளை வேலை செய்யத் தேநீர் வேண்டும். இவர் கதைகளில் நல்ல தமிழ்ப் பெயர்களைப் பார்க்கலாம். 1977-ல் தமிழ்வாணன் காலமானார்.

1968-ல் குமுதத்தில் 'நைலான் கயிறு' வந்தது. சுஜாதாவின் கணேஷ் வக்கீல் அதில்தான் அறிமுகம். பின்னால் வசந்த் வந்து சேர்ந்தார். "அதுவரை துப்பறிபவர்கள் பிரசங்கம் செய்வார்கள். கணேஷும் வசந்தும் நம் ஆபீசில் பேசுவதுபோலப் பேசினார்கள்" என்பது பெரியவர் கருத்து. சுஜாதாவும் பகலில் உத்தியோகம் பார்த்தவர்தான். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் என்ஜினீயராக இருந்துகொண்டே எழுதினார்.

மாத நாவல்கள்

பட்டியலில் நெரிசலான பகுதி 1980-க்குப் பிந்தியது. மாதம் ஒரு முழு நாவல், பத்திரிகைக் காகிதம், பளிச்சென்ற அட்டை, முதுகில் இரண்டு கம்பி. பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் கயிற்றில் தொங்கும். தம்பானூரில் ரயில் ஏறும்போது வாங்கினால் மதுரை போவதற்குள் முடித்துவிடலாம்.

கோவை ராஜேஷ்குமார் 1500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அவருடைய விவேக்-ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி ஆகிய ஜோடிகளைத் தெரியாத வாசகர் அன்று இல்லை. சுபா என்பது ஒருவர் அல்ல, சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரு நண்பர்கள். கோயிலையும் சித்தர்களையும் மர்மத்தோடு கலந்து எழுதிய மதுரை இந்திரா சௌந்தர்ராஜன் 2024-ல் மறைந்தார். சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2008-ல் இத்தகைய கதைகளை ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தது.

மலையாளிகளுக்கும் இந்த ருசி உண்டு. கோட்டயம் புஷ்பநாத் (1938-2018) பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டு நூற்றுக்கணக்கான துப்பறியும் நாவல்களை எழுதினார். அவருடைய மார்க்சினையும் புஷ்பராஜையும் வாரப் பத்திரிகைகளில் கேரளமே தொடர்ந்தது. பெரியவர் மார்க்சின் கதைகளைப் பக்கத்து வீட்டு மலையாளி நண்பரிடம் இரவல் வாங்குவார். பதிலுக்கு சங்கர்லால் கதையை வாயால் சொல்லுவார். நண்பருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது.

தலையும் வாலும் இல்லாதது

நூறில் அறுபத்தொன்று முடிந்திருக்கிறது. மற்றவை ஏன் முடியவில்லை? படிக்க நேரம் இல்லாமல் அல்ல, புத்தகம் கிடைக்காமல்தான்.

1829-ல் தொடங்கிய திருவனந்தபுரம் பொது நூலகத்தில் தமிழ் நூல்கள் உண்டு. ஆனால் மாத நாவலை எந்த நூலகம் பைண்டு செய்து வைக்கும்? அவற்றை வைத்திருந்தவை தெருவுக்குத் தெரு இருந்த வாடகை நூல் நிலையங்கள். டெலிவிஷன் வந்த பிறகு அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன. புத்தகங்கள் எடைக்குப் போயின. பத்திரிகைக் காகிதம் சீக்கிரம் பழுத்து, தொட்டால் உதிரும். எஞ்சியவற்றைக் கரையான் பார்த்துக்கொண்டது.

பேரேட்டில் 48-ம் எண்ணுக்கு நேரே நாவலின் பெயர் இல்லை. ஆசிரியர் பெயரும் இல்லை. "தலையும் வாலும் இல்லாதது" என்று மட்டும் இருக்கிறது. மூடப்பட்ட ஒரு நூல் நிலையத்தின் குவியலில் கிடைத்த புத்தகம் அது. அட்டையும் முதல் பாரமும் போய்விட்டன. கடைசிப் பாரமும் இல்லை. மலைப் பங்களா ஒன்றில் ஏழு பேர், ஒரு பிணம், மழை. துப்பறிபவர் எல்லாரையும் கூடத்தில் உட்கார வைத்து, "கொலையாளி இந்த அறையில்தான் இருக்கிறார்" என்று சொல்லும் இடத்தில் காகிதம் முடிந்துவிடுகிறது!

காலவரிசையில் அதை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. எழுத்து நடையைப் பார்த்து ஒரு மதிப்பில் 48-ல் வைத்திருக்கிறார்.

பேத்தி

இரண்டு வருஷங்களுக்கு முன் பெரியவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள் படிக்கக் கூடாது என்றார்கள். பேரேடு நின்றுவிடுமோ என்ற கவலை.

ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, "நான் வாசிக்கட்டுமா, தாத்தா?" என்றாள்.

இதில்தான் சிக்கல். சாலையில் அரசுத் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. ஆனால் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் மலையாளமோ ஆங்கிலமோதான் படிக்கிறார்கள். வீட்டில் பேச்சுத் தமிழ் இருக்கும், எழுத்து தெரியாது. தாத்தாவின் கடிதத்தைப் பேரன் படிக்க முடியாத நிலை. அந்தப் பெண்ணும் அப்படித்தான். அரிச்சுவடி வாங்கிக் கொடுத்து இரண்டு தடவை முயன்றும் பலிக்கவில்லை.

பெரியவர் அவள் கையில் கொடுத்தது சங்கர்லால். முதல் நாள் அரைப் பக்கம்தான் நகர்ந்தது. றகர ரகரமும் னகர ணகரமும் தடுக்கின. ஆனால் கதவைத் தட்டியது யார் என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு மாதத்தில் புத்தகம் முடிந்தது. அடுத்தது பத்து நாளில்.

தாத்தாவின் கண் இப்போது சரியாகிவிட்டது. ஆனால் மாலை நாலு மணி வாசிப்பு நிற்கவில்லை. "மக்களே, பக்கத்தை மடக்காதே, உதிர்ந்துபோகும்" என்று அவர் எச்சரிப்பதும், "சும்மா இருங்க தாத்தா, இப்போதான் கத்தியை எடுக்கிறான்" என்று அவள் அதட்டுவதும் தெருவில் போகிறவர்கள் காதில் விழும்.

மர்ம நாவல் உயர்ந்த இலக்கியமா என்று வாதம் செய்கிறவர்கள் செய்யட்டும். நீல.பத்மநாபனும் ஆ.மாதவனும் நகுலனும் இருந்து எழுதிய ஊர் இது. அவர்களைப் படிப்பதற்கும் முதலில் எழுத்துத் தெரிய வேண்டும் அல்லவா? அந்த வாசலை அரிச்சுவடி திறக்காத வீடுகளில் ஒரு கொலைக் கதை திறந்துவிடுகிறது.

பரணைப் பாருங்கள்

கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் வேண்டாம் என்று தள்ளிய நோட்டீசையும் நாவலையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தார். அந்தச் சேகரத்தை வைத்துத்தான் 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய நூல்கள் பலவற்றை இலவசமாகப் படிக்கலாம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்த நூல்களை யாரும் மறுபதிப்புச் செய்யலாம் என்பதால், ஆரணியார், வடுவூரார் நாவல்களுக்கு இனிப் பயமில்லை. ஆபத்து, நேற்று வந்த மாத நாவல்களுக்குத்தான்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்கள் வீட்டைக் காலி செய்யும்போது முதலில் எடைக்குப் போவது பரணில் உள்ள தமிழ்ப் புத்தகங்கள். போடுவதற்கு முன் ஒரு தடவை பிரித்துப் பார்க்கலாம். வீட்டுக் குழந்தையிடம் முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துக் காட்டிவிட்டுப் புத்தகத்தை மூடி வைக்கலாம். மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

ஸ்ரீவராகத்துப் பேரேட்டில் 48-ம் எண்ணுக்கு நேரே 'என் சந்தேகம்' கட்டத்தில் இப்போது இரண்டு கையெழுத்துகள் இருக்கின்றன. தாத்தா "டாக்டர்" என்று எழுதியிருக்கிறார். கீழே கோணல்மாணலான தமிழில், "இல்லை, சமயல்காரன்" என்று இருக்கிறது.

சமையலில் ஐகாரம் விட்டுப்போயிருக்கிறது. தாத்தா அதைத் திருத்தவில்லை.