வைப்பு வட்டியும் வங்கிகளின் உடன்பாடும்

விற்போரும் வாங்குவோரும் பலராயுள்ள சந்தையிலே போட்டியே விலையை நிருணயிக்கும் என்பது பொருளியலின் தொடக்கப் பாடம். மக்கள் சேமித்த பணத்தை வங்கி வைப்பாக ஏற்கின்றது. அதற்கு அது கொடுக்கும் விலையே வட்டி. ஏனைய சந்தைகளில் விற்போர் தம்முள் உடன்பட்டு விலையை உயர்த்துவர். வைப்புச் சந்தையிலோ வாங்குவோராகிய வங்கிகள் உடன்பட்டு விலையைத் தாழ்த்துகின்றன. இதனால் இழப்பு யாருக்கு? உடன்பாடு ஒழிந்தவுடன் அவ்விழப்பும் ஒழியுமா? இவ்விரு வினாக்களுக்கும் இங்கிலாந்தின் வரலாறு தக்க விடை தருகின்றது.

இலண்டன் தீர்வக வங்கிகள் 1971 ஆம் ஆண்டு வரை வைப்பு வட்டியைத் தமக்குள் உடன்பட்டே வகுத்தன. நடைமுறைக் கணக்குக்கு வட்டியில்லை. ஏழு நாள் முன்னறிவித்தலுடன் மீளப்பெறும் வைப்புக்கு, 1960களில், இங்கிலாந்து வங்கி விதிக்கும் வங்கி வீதத்திலும் நூற்றுக்கு 2 குறைவாகவே வட்டி கிடைத்தது. 1964 நவம்பரில் வங்கி வீதம் நூற்றுக்கு 7 ஆகியபோது வைப்பு வட்டி 5 ஆயிற்று. பார்க்கிளேய்ஸ், லொயிட்ஸ், மிட்லன்ட் என்னும் வங்கிகளுள் எதனை நாடினும், 100 பவுணுக்கு ஆண்டுவட்டி 5 பவுணே.

அரசாங்கம் இதனைப் பொறுத்தமைக்குக் காரணங்கள் இரண்டு. வங்கி வீதம் மாறியதும் ஏனைய வட்டிகளும் ஒருங்கே மாறுதல் நாணயக் கொள்கைக்கு வசதியாயிருந்தது. அன்றியும், வங்கிகள் வட்டியிற் போட்டியிட்டாற் கூடிய வருவாயை நாடி ஆபத்தான கடன்களைக் கொடுக்கும் என்ற அச்சமும் நிலவிற்று. இதே அச்சத்தினாலேயே ஐக்கிய அமெரிக்கா 1933 ஆம் ஆண்டுச் சட்டத்தால் கேள்வி வைப்புகளுக்கு வட்டி கொடுத்தலைத் தடுத்தது. தவணை வைப்பு வட்டிக்கும் உச்ச வரம்பு விதிக்க வழிசெய்தது. இங்கிலாந்தில் வங்கிகளின் இணக்கம் செய்ததை அங்கே சட்டம் செய்தது.

எனினும், அடைக்கப்பட்ட போட்டி வேறு வழிகளில் வெளிப்பட்டது. வட்டியிற் போட்டியிட இயலாத வங்கிகள் கிளைகளைப் பெருக்கிப் போட்டியிட்டன. உடன்பாட்டுக்குப் புறம்பான கட்டட நிதிச் சங்கங்கள் சிறுசேமிப்பாளரைத் தம்பால் ஈர்த்தன. தீர்வக வங்கிகள் தாமும் தம் துணைக்கம்பனிகள் வாயிலாகப் பெருந்தொகை வைப்புகளுக்குச் சந்தை வட்டி கொடுத்தன. ஆகவே உடன்பாட்டின் சுமை சிறிய வைப்பாளன் மீதே வீழ்ந்தது. 1967 இல் விலைகள் வருமானங்கள் பற்றிய தேசிய சபை இவ்வுடன்பாட்டைக் கைவிடுமாறு விதந்துரைத்தது. 1971 செப்ரெம்பரில் அது ஒழிந்தது.

ஆயினும் சிறிய வைப்பாளனுக்கு விடிவு உடனே வரவில்லை. புதிய போட்டியால் வட்டி ஏற, கட்டட நிதிச் சங்கங்களின் வைப்புகளும் வீட்டுக் கடன்களும் பாதிக்கப்படும் என அரசாங்கம் அஞ்சிற்று. ஆதலின் 1973 செப்ரெம்பரில், 10,000 பவுணுக்குக் குறைந்த வைப்புகளுக்கு நூற்றுக்கு 9½ இற்கு மேல் வட்டி கொடாதிருக்குமாறு வங்கிகள் கேட்கப்பட்டன. பெருந்தொகைக்கு வரம்பில்லை, சிறுதொகைக்கே வரம்பு! அதே ஆண்டின் இறுதியில், ஆதனத் துறையிற் பெருங்கடன் கொடுத்த இரண்டாந்தர வங்கிகள் சில நிலைகுலைந்தன. போட்டியைப் பற்றிய பழைய அச்சம் முற்றிலும் வீணன்று என்பதை அது உணர்த்திற்று.

அவ்வரம்பும் பின்னர் நீங்கிற்று. இன்று அத்தகைய உடன்பாடு இல்லை. எனினும் நிதி நடத்தை அதிகாரசபை 2023 யூலையில் வெளியிட்ட அறிக்கையை நோக்குக. 2022 சனவரி முதல் 2023 மே வரை வங்கி வீதம் நூற்றுக்கு 0.25 இலிருந்து 4.5 ஆக உயர்ந்தது. ஒன்பது பெரிய நிறுவனங்கள் அவ்வுயர்வில், சராசரியாக, நூற்றில் 28 பங்கையே எளிதில் மீளப்பெறும் சேமிப்புகளுக்கு அளித்தன. இதனைச் சதியெனக் கூறுதல் தவறு. வங்கிகள் சில, ஒன்று அறிவிக்கும் வட்டியை மற்றையவை அன்றே அறியும். வட்டியை உயர்த்தும் வங்கி புதிய வைப்பாளருக்கு மட்டுமன்றிப் பழைய வைப்பாளருக்கும் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். வைப்பாளரோ இடம்பெயர்வதில்லை. ஆகவே ஒருவரோடொருவர் பேசாமலே யாவரும் தாழ்ந்த வட்டியில் நிற்றல் இயல்பாகின்றது.

இதனாற் பெறப்படுவது யாது? உடன்பாட்டைத் தடுக்கச் சட்டம் வேண்டும். ஆனாற் சட்டம் மட்டும் போட்டியை உண்டாக்காது. 2013 முதல் பிரித்தானியாவில் நடைமுறைக் கணக்கை ஏழு வேலைநாள்களில் வேறு வங்கிக்கு மாற்றும் ஒழுங்கு உண்டு. அவ்வழியைப் பயன்படுத்துவோன் வைப்பாளனே. வட்டிகளை ஒப்புநோக்கவும் வேண்டின் வங்கியை மாற்றவும் அவன் முனையாதவிடத்து, 1971 இல் ஒழிந்த உடன்பாட்டின் பயனை வங்கிகள் உடன்பாடின்றியே பெறும். கூட்டுவட்டியைக் கணிக்கக் கற்பிக்கும் நாம், அவ்வட்டியை வினாவிப் பெறுதலையும் மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும்.