வேலையிலும் களை எடுப்போம்

போன தை மாதத்தில் ஒரு நாள், எங்கள் தோட்டத்தில் அரைக்கீரை அறுப்பு. இரண்டு அக்காக்கள் வேலைக்கு வந்திருந்தார்கள். எனக்குக் காலில் முள் குத்தி வீங்கியிருந்ததால் வேப்ப மரத்தடியில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சும்மா இருப்பானேன் என்று, யார் எதற்காக எங்கே போகிறார்கள் என ஒரு நோட்டில் குறிக்கத் தொடங்கினேன்.

"தம்பி, அருவாள எங்க வச்சீங்க?" என்று ஆரம்பித்தது அன்றைய நாள். அரிவாளைத் தேடி முடித்ததும் கீரை கட்ட வாழைநாருக்காக ஒருவர் கொட்டகைக்குப் போனார். கட்டிய கீரையைக் கழுவ இன்னொருவர் கிணற்று மேட்டுக்குச் சுமந்தார். கழுவியதை எடை போட மறுபடியும் கொட்டகை. அங்கிருந்து வண்டி வந்து நிற்கும் ரோட்டுக்கு. காலை 6 மணிக்குத் தொடங்கிய வேலை 9 மணிக்கு முடிந்தது.

நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். அறுத்தது, கட்டியது, கழுவியது எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மிச்சமெல்லாம் நடை, தேடல், காத்திருப்பு. கீரை வாங்கிச் சமைக்கிறவர் அந்த நடைக்குக் காசு தரப்போவதில்லை. மண்ணுக்கும் அதனால் ஒரு பலனும் இல்லை. அக்காக்களுக்கு முட்டிவலிதான் மிச்சம்.

"உரச் செலவு நின்னுச்சுங்க, மருந்துச் செலவு நின்னுச்சுங்க. ஆனா ஆள் கூலி கட்டுபடியாகல" என்று சொல்லி இயற்கை வேளாண்மையை விட்டுவிட்டுப் போன நண்பர்களை நம்மில் பலருக்குத் தெரியும். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்தக் கூலியில் எவ்வளவு பயிருக்குப் போனது, எவ்வளவு வீணுக்குப் போனது என்று நாம் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அப்படிப் பிரித்துப் பார்க்கும் ஒரு வழியைத்தான் தொழிற்சாலைக்காரர்கள் 'லீன்' என்கிறார்கள். தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே போவதை ஜப்பானியர்கள் 'கைசன்' என்கிறார்கள்.

தறியில் பிறந்த சிந்தனை

இது கார் கம்பெனியின் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இதன் வேர் கைத்தறியில் இருக்கிறது. சாகிச்சி டொயோடா 1867இல் ஜப்பானில் ஒரு தச்சர் வீட்டில் பிறந்தவர். தறியை எளிதாக்குவதிலேயே தன் வாழ்நாளைச் செலவிட்டார். 1924இல் அவர் உருவாக்கிய தானியங்கித் தறி, ஓர் இழை அறுந்தாலும் தானாக நின்றுவிடும். அதுவரை இழை அறுவதைப் பார்க்கவே தறிக்குத் தறி ஆள் காவல் நிற்க வேண்டியிருந்தது. கவனிக்கத் தவறினால் பழுதான துணி முழம் முழமாக ஓடிவிடும். பழுது வந்த இடத்திலேயே நிறுத்து, அங்கேயே சரிசெய் என்பது அந்தத் தறி கற்றுக்கொடுத்த பாடம்.

அவர் மகன் தொடங்கியதுதான் டொயோட்டா கார் நிறுவனம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கையில் பணமில்லாத நிலையில், அங்கே பொறியாளராக இருந்த டாய்ச்சி ஓனோ ஒரு முறையைக் கட்டினார். தேவையானதை, தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும் செய்வது. 1988இல் ஓர் அமெரிக்க ஆய்வாளர் இதற்கு 'லீன்' என்று பெயர் வைத்தார். கொழுப்பில்லாத உடம்பு என்பதுபோல.

இந்த முறையில் மூன்று சொற்கள் முக்கியமானவை. 'முடா' என்றால் வீண். 'முரா' என்றால் ஏற்ற இறக்கம். ஒரு நாள் வேலை குவியும், ஒரு நாள் ஒன்றும் இருக்காது. 'முரி' என்றால் தாங்க முடியாத பாரம். உடம்புக்கும் மாட்டுக்கும் எந்திரத்துக்கும் மண்ணுக்கும் இந்த மூன்றாவது பொருந்தும்.

நம் தோட்டத்தில் ஏழு வீண்கள்

ஓனோ வீணை ஏழாகப் பிரித்தார். நம் வெள்ளாமையில் அவை இப்படி இருக்கின்றன.

1. தேவைக்கு மேல் விளைவித்தல்: எல்லா வீணுக்கும் தாய் இதுதான் என்றார் ஓனோ. நாலு பாத்தி சிறுகீரையை ஒரே நாளில் விதைக்கிறோம். சுமார் 25 நாளில் நாலும் ஒன்றாகப் பறிப்புக்கு வரும். வாங்க ஆள் இருக்காது, பாதி முற்றிப்போகும். அடுத்த மாதம் "கீரை இல்லையா?" என்று கேட்டு வருவார்கள், கையில் இருக்காது. வாரம் ஒரு பாத்தி விதைத்தால் வாராவாரம் கீரை. அதே விதை, அதே நிலம். முராவும் இதனால் குறைகிறது.

2. காத்திருத்தல்: நடவுக்கு ஆள் வந்து வரப்பில் உட்கார்ந்திருப்பார்கள், நாற்று வந்திருக்காது. மின்சாரம் வரும் நேரம் தெரிந்தும் மடையைத் திறந்து வைத்திருக்க மாட்டோம்.

3. சுமத்தல்: மாட்டுக் கொட்டகை ஒரு மூலை, எருக்குழி மறு மூலை, எரு போடும் வயல் மூன்றாவது மூலை. ஒரே சாணம் மூன்று முறை தலையில் ஏறுகிறது.

4. தேவையற்ற அசைவு: தேடுவது, குனிவது, திரும்பத் திரும்ப நிமிர்வது. கீரையைத் தரையில் குவித்துக் குனிந்து கட்டுவதைவிட இடுப்புயரப் பலகையில் வைத்துக் கட்டினால் முதுகு தப்பிக்கும்.

5. தேவைக்கு மேல் செய்தல்: பஞ்சகவ்யம் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மி.லி. போதும் என்று தெரியும். இருந்தும் "கொஞ்சம் கூட விட்டா நல்லா வரும்" என்று ஊற்றுகிறோம். பக்கத்து வயலில் நாலு உழவு ஓட்டினார்கள் என்று நாமும் நாலாவது உழவு ஓட்டுகிறோம்.

6. குவித்து வைத்தல்: மலிவாகக் கிடைத்தது என்று வாங்கி அடுக்கிய வேப்பம் புண்ணாக்கு பூசணம் பிடிக்கிறது. பயன்படுத்தாத கரைசல் டிரம்மிலேயே கெடுகிறது.

7. பழுது: நெல்லில் 25 செ.மீ. இடைவெளியில் கயிறு பிடித்து வரிசையாக நடாமல் அவசரத்தில் விட்டால், கோனோவீடர் குறுக்கும் நெடுக்கும் ஓடாது. நடவில் மிச்சம் பிடித்த அரை நாள், கைக்களையில் பல ஆள் கூலியாகத் திரும்பி வரும்.

எட்டாவதாக ஒன்றைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள்: வேலை செய்கிறவர்களின் அறிவைக் கேட்காமல் விடுவது. நம் ஊரில் இதுதான் பெரிய வீண் என்பது என் எண்ணம்.

ஐந்து முறை 'ஏன்?'

வீண் கண்ணில் பட்டதும் மேலோட்டமாக ஒட்டுப் போடக் கூடாது. ஐந்து முறை ஏன் என்று கேட்கச் சொன்னார் ஓனோ. அவர் சொன்ன எடுத்துக்காட்டில் ஓர் எந்திரம் நின்றுபோகிறது. ஃபியூஸ் போய்விட்டது என்று மாற்றிவிட்டுப் போகலாம். ஏன், ஏன் என்று உள்ளே போனால், எண்ணெய் இறைக்கும் பம்பில் வடிகட்டி இல்லாததால் இரும்புத் தூள் உள்ளே போயிருந்தது தெரிகிறது. வடிகட்டி வைக்காத வரை ஃபியூஸ் போய்க்கொண்டேதான் இருக்கும்.

எங்கள் கதையும் கிட்டத்தட்ட இதேதான். கைத்தெளிப்பான் அடிக்கடி அடைத்துக்கொண்டது. ஏன்? கரைசலில் திப்பி. ஏன்? சரியாக வடிகட்டவில்லை. ஏன்? வடிகட்டினாலும் துணி சீக்கிரம் அடைத்து, கிழிந்துவிடுகிறது. ஏன்? டிரம்மின் அடி வண்டலோடு சேர்த்து மொண்டு ஊற்றுகிறோம். ஏன்? தெளிந்ததை மட்டும் எடுக்க டிரம்மில் வழியில்லை. அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு குழாய் பொருத்தினோம். வண்டல் கீழேயே தங்கிவிடுகிறது. அதைத் தண்ணீரில் கலந்து தென்னைக்கு ஊற்றிவிடுகிறோம். அதற்கு முன் நான் இரண்டு முறை புது நாசில் வாங்கியிருந்தேன்.

விடுவது வேறு, கைவிடுவது வேறு

வேலையைக் குறைப்பது என்றதும் நமக்கு மசானபு ஃபுகுவோகா நினைவுக்கு வருவார். 'ஒற்றை வைக்கோல் புரட்சி' எழுதிய அதே ஜப்பானிய உழவர். இன்னும் எதைச் செய்யலாம் என்று எல்லோரும் தேடியபோது, எதைச் செய்யாமல் விடலாம் என்று தேடியவர். உழவு, உரம், களையெடுப்பு, மருந்து என ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். ஆனால் தொடக்கத்தில் அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவாத்து செய்யாமல் அப்படியே விட்டதில், கிளைகள் பின்னிக்கொண்டு பூச்சி தாக்கி மரங்கள் செத்துப்போனதை அவரே எழுதியிருக்கிறார். ஏற்கெனவே மனிதர் வெட்டிப் பழக்கிய மரத்தைத் திடீரென்று விட்டால் அது கைவிடுவதாகிவிடும். ஆகவே ஒரு வேலையை நிறுத்தும் முன் அந்த வேலை அங்கே எதற்காக வந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு பாத்தியில் விட்டுப் பார்த்துவிட்டு மறு பாத்திக்குப் போக வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. கையிருப்பு எல்லாமே வீண் அல்ல. குதிரில் இருக்கும் விதை, பண்ணைக் குட்டையில் இருக்கும் தண்ணீர், மண்மேல் இருக்கும் மூடாக்கு எல்லாம் மழை பொய்க்கும் ஆண்டுக்கான காப்பு. 2011 நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் உதிரிபாகம் கிடைக்காமல் தவித்த டொயோட்டாவே, அதற்குப் பிறகு மின்னணுச் சில்லுகளைப் பல மாதத் தேவைக்கு இருப்பு வைக்கச் செய்தது. நமக்கோ அடுத்த போகத்து விதையே இருப்பு.

மிச்சமான நேரம் யாருக்கு?

நோட்டில் எழுதியதை அக்காக்களிடம் காட்டியபோது பெரிய அக்கா கேட்டார்: "சீக்கிரம் முடிச்சுட்டா கூலியக் கொறச்சிருவீங்களா தம்பி?"

எனக்குச் சுருக்கென்றது. ஓர் ஆள் போதுமே என்ற கணக்கு என் மனதில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த முறையின் மேல் உள்ள பழைய குற்றச்சாட்டும் இதுதான். சதோஷி கமாதா என்ற ஜப்பானியப் பத்திரிகையாளர் 1972இல் டொயோட்டா ஆலையில் தற்காலிகத் தொழிலாளியாகச் சேர்ந்து வேலை பார்த்தார். வரிசையின் வேகம் மனிதரை எப்படிப் பிழிகிறது என்று புத்தகமாகவே எழுதினார். வீணைக் குறைக்கிறேன் என்று ஆளைப் பிழிந்தால், முடா போன இடத்தில் முரி வந்து உட்காரும்.

கூலியைக் குறைக்க மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் யோசனைகள் வந்தன. கழுவும் தொட்டியைக் கீரைப் பாத்திக்குப் பக்கத்தில் வைத்து, வாய்க்காலிலிருந்து ஒரு குழாய் இழுக்கச் சொன்னது பெரிய அக்கா. கழுவிய தண்ணீர் அப்படியே பாத்திக்குப் போகிறது. அரிவாள், நார், தராசு மூன்றும் ஒரே கூடையில் இருக்கட்டும் என்றது சின்ன அக்கா. இப்போது அதே அறுப்பு ஏழரை மணிக்குள் முடிகிறது. மிச்ச நேரத்தில் நாற்றங்காலைப் பார்க்கிறோம். சில நாள் அவர்கள் சீக்கிரமே வீட்டுக்குப் போகிறார்கள்.

எப்படித் தொடங்குவது?

ஓனோ தன் பொறியாளர்களைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் வரைந்த வட்டத்துக்குள் மணிக்கணக்கில் நிற்க வைத்துப் பார்க்கச் சொல்வாராம். நமக்கு மரத்தடி போதும்.

• அடிக்கடி செய்யும் ஒரே ஒரு வேலையை எடுங்கள்: பறிப்பு, பால் கறவை, கரைசல் தயாரிப்பு, ஏதாவது ஒன்று.

• ஒரு நாள் முழுக்கப் பார்த்து எழுதுங்கள். குறை சொல்லாதீர்கள்.

• செய்கிறவர்களிடம் கேளுங்கள்: "இதுல எது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?"

• பணம் செலவில்லாத ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஒரு வாரம் பாருங்கள்.

• நன்றாக இருந்தால் அதையே வழக்கமாக்கிக் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு வேறொன்றை முயலுங்கள்.

வீட்டுக்கும் இது பொருந்தும். வங்கிப் புத்தகம், சிட்டா, ஆதார் நகல் மூன்றையும் ஒரே பையில் வைத்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் அலமாரியைக் கலைத்துச் சண்டை போடுவது குறைந்திருக்கிறது. அடுப்படியில் எதை எங்கே வைக்க வேண்டும் என்று சமைக்கிறவரைக் கேட்காமல் மட்டும் மாற்றிவிடாதீர்கள், நான் பட்டிருக்கிறேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு நோட்டுடன் வருவோம். உங்கள் தோட்டத்து நடையை நீங்கள் எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை. எங்கள் எருக்குழி இன்னும் தப்பான மூலையில்தான் இருக்கிறது.